தனி வார்டில் நோயாளியோடு தங்கப் போகிறீர்களா?

"தொற்று இருக்கு, தனி வார்டுல சேர்க்கணும்" என்று டாக்டர் சொன்னதும் கூட வந்தவர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கட்சி கட்டிலுக்குப் பத்தடி தள்ளி நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். இன்னொரு கட்சி "என் பிள்ளைகிட்டேர்ந்து எனக்கு என்ன வந்துடப் போகுது" என்று அதே தட்டில் சாப்பிடும். காலரா வார்டில் மூக்கைப் பொத்தி ஒரு பயனும் இல்லை. தட்டம்மைக் குழந்தையிடம் தட்டை மட்டும் தனியாக வைத்தும் பயனில்லை. இந்த நோய் எந்த வழியாகப் பரவுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், தனி வார்டில் நீங்கள் செய்ய வேண்டியதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

வடசென்னைக்காரர்களுக்குத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை பழக்கமான இடம். காசநோய் என்றால் 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். மதுரைப் பக்கம் தோப்பூர். மற்ற ஊர்களில் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஒதுக்குப்புறமாக ஒரு தனி வார்டு இருக்கும். இடத்துக்கு இடம் விதிகள் மாறும். பார்வையாளர் நேரம், பாஸ், எத்தனை பேர் தங்கலாம் என்பதையெல்லாம் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கீழே இருப்பவை எந்த வார்டுக்கும் பொருந்தும்.

முதல் வேலை: யார் தங்குவது?

நம் வீடுகளில் இதற்கு யோசனையே கிடையாது. அம்மா தங்குவார், இல்லையென்றால் பாட்டி. பாட்டிக்குச் சர்க்கரை 300-இல் இருக்கும். ஆனாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தொற்று வார்டில் இது சரிப்படாது.

சின்னம்மை நோயாளியோடு, முன்பே சின்னம்மை வந்துபோனவர் தங்குவது நல்லது. பெரும்பாலும் அவருக்குத் திரும்ப வராது. தட்டம்மைக்கும் அப்படித்தான்: வந்துபோனவர், அல்லது இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர். கர்ப்பிணி இந்த இரண்டு வார்டுகளின் வாசலுக்கும் போகக் கூடாது. "எட்ட நின்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றாலும் கூடாது. இரண்டும் காற்றில் பரவுபவை. அம்மை கண்டவர் இருந்த அறையில் ஏற்கெனவே இருந்துவிட்ட கர்ப்பிணியாக இருந்தால், கொப்புளம் வருகிறதா என்று காத்திருக்காமல் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமதித்தால் சில தடுப்பு வழிகள் கைநழுவிவிடும்.

புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர், கைக்குழந்தையை வீட்டில் வைத்திருப்பவர் ஆகியோரை விட்டுவிடுங்கள். ஒருவர் தங்கட்டும், மாற்றிவிட இன்னொருவர் இருக்கட்டும். நாளுக்கு ஒரு சித்தப்பா என்று முறை போட்டால் ஆளுக்கு ஒரு வீட்டுக்கு நோய் போகும்.

பையில் என்ன?

தேங்காய் எண்ணெயும் ஹார்லிக்ஸும் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். யாரும் கொண்டுவராதவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் பாட்டில், நகவெட்டி, தண்ணீரில் கழுவக்கூடிய ரப்பர் செருப்பு, நோயாளிக்கும் உங்களுக்கும் தனித்தனித் தட்டு டம்ளர், சோப்பு இரண்டு, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய துணிகள். குழந்தை என்றால் தடுப்பூசி அட்டை கட்டாயம். ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டுகள். நகையும் பட்டுப்பாயும் வேண்டாம்.

சேர்க்கும்போது

ஓ.பி. சீட்டு போடும் இடத்திலிருந்து கேஸ் ஷீட் எழுதும் டாக்டர் வரை ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். காய்ச்சல் என்று ஆரம்பித்தது, வெளியூர் போனீர்களா, என்ன தண்ணீர் குடித்தீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, நாய் கடித்ததா. சலித்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல் தொடங்கிய தேதி, தடிப்பு தோன்றிய தேதி, ஏற்கெனவே போட்ட ஊசி மாத்திரைகள் ஆகியவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து அதைக் காட்டிவிடுங்கள்.

விலாசத்தை மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று பழைய வீட்டு விலாசத்தைக் கொடுப்பவர்கள் உண்டு. காலரா, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), தட்டம்மை போன்றவற்றை மருத்துவமனை சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. தகவல் போனபிறகு உங்கள் தெருவுக்கு ஆட்கள் வந்து குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதா என்று விசாரிப்பார்கள். விலாசம் தப்பாக இருந்தால் குளோரின் வேறு தெருக் குழாய்க்குப் போகும், உங்கள் வீட்டுக் குழந்தைகள் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

டூட்டி டாக்டரோ சிஸ்டரோ கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கேளுங்கள்: "இது காத்துல பரவுமா, எச்சில் சளியில பரவுமா, மலத்துல பரவுமா, தொட்டா பரவுமா?" பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மலம் வழி என்றால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையில் சில வகைகள். இங்கே உங்கள் எதிரி உங்கள் கைதான். நோயாளி பக்கத்தில் உட்காரலாம், தலையைக் கோதிவிடலாம், பேசலாம். ஆனால் பெட்பான் தொட்ட கை, துணி மாற்றிய கை, சோப்பு படாமல் உங்கள் வாய்க்கோ இன்னொருவரின் சோற்றுக்கோ போகக் கூடாது. சானிடைசரை நம்பி இருக்காதீர்கள்; அழுக்குக் கைக்கு சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். வார்டில் இருக்கும்வரை கையால் பிசைந்து ஊட்டிவிடும் பழக்கத்தைத் தள்ளிவையுங்கள், ஸ்பூன் போதும்.

காலரா வார்டை முதலில் பார்ப்பவர்களுக்கு அந்தக் கட்டில் தூக்கிவாரிப் போடும். ரெக்ஸின் விரிப்பின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, கீழே ஒரு வாளி. மரியாதைக் குறைவாகத் தோன்றும். வேட்டியையோ போர்வையையோ போட்டு ஓட்டையை மூடுபவர்களும் உண்டு. மூடாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீர்போல் போய்க்கொண்டே இருப்பவரால் எழுந்து கழிப்பறைக்கு நடக்க முடியாது. அதைவிட முக்கியம், எவ்வளவு வெளியே போகிறது என்று வாளியில் அளந்தால்தான் எவ்வளவு ட்ரிப்ஸ் ஏற்றுவது என்று தெரியும். காலராவில் உயிரைப் பறிப்பது நீர் இழப்பு. அதை ஈடுகட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். உங்கள் நோட்டுக்கு வேலை இங்கேதான். வார்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"எத்தனை வாட்டிம்மா போனாரு?"

"நாலஞ்சு வாட்டி இருக்கும் சிஸ்டர்."

"இருக்கும்னா நான் என்னத்தை எழுதறது? ஒவ்வொரு வாட்டியும் மணியைப் பாத்து ஒரு கோடு போடுங்கம்மா."

கோடு போடுங்கள். வாந்திக்கு ஒரு பக்கம், பேதிக்கு ஒரு பக்கம், சிறுநீருக்கு ஒரு பக்கம். சிறுநீர்ப் பக்கம் காலியாகவே இருந்தால் உடனே சொல்ல வேண்டிய சேதி அது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பெரியது ஒரு லிட்டருக்கானது. முழுப் பாக்கெட்டையும் முழு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாதி பாக்கெட் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்களுக்குக் குடிக்கிற அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்கள். கடையில் ஓ.ஆர்.எஸ். மாதிரியே டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேறு, இது வேறு.

காலராவைப் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. ஓ139 என்ற புது வகைக் காலராக் கிருமியை உலகம் முதலில் அடையாளம் கண்டது நம் சென்னையில்தான், 1992-இல்.

காற்று வழி என்றால் காசநோய், தட்டம்மை, சின்னம்மை. தட்டம்மை கண்ட குழந்தை எழுந்து போனபிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் கிருமி நிற்கும். ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். "குளிர்காத்து பட்டா ஜன்னி வந்துடும்" என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு விசிறியையும் நிறுத்துபவர்கள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். நோயாளிக்குப் போர்த்திவிடுங்கள், ஜன்னலைச் சாத்தாதீர்கள். இருமுகிற நோயாளிக்குச் சாதாரண அறுவைச் சிகிச்சை மாஸ்க். கூட இருப்பவருக்கு என்-95 கிடைத்தால் நல்லது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசுவதற்கு, போடாமலே இருந்துவிடலாம்.

சளி, எச்சில் வழி என்றால் தொண்டை அடைப்பான், பொன்னுக்கு வீங்கி, கக்குவான். தட்டு, டம்ளர், துண்டு தனி. ஒரு கையெட்டுக்கு மேல் தள்ளி உட்காருங்கள், மாஸ்க் போடுங்கள்.

தொண்டை அடைப்பானைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிறத்தில் தொண்டையில் ஒரு படலம் படரும், கழுத்து வீங்கும். ஏ.டி.எஸ். என்கிற மருந்தைக் கொடுப்பார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது, அதனால் ஒவ்வாமை வருகிறதா என்று முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். நாலைந்து நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து போன் கேட்கும். "நல்லா ஆயிட்டான், எதுக்கு இன்னும் படுக்க வச்சிருக்காங்க" என்று தோன்றும். கிருமியின் நஞ்சு ஒன்றிரண்டு வாரம் கழித்தும் இதயத்தைத் தாக்கலாம். அதனால்தான் ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது, சில வேளை கழிப்பறைக்கும் நடக்கக் கூடாது என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகும் எண்ணம் எந்த நோயிலும் நல்லதல்ல, இதில் அறவே வேண்டாம்.

பரவாத நோய்க்கும் தனி அறை கொடுப்பார்கள். இது பலருக்கும் புரிவதில்லை. ரண ஜன்னி (டெட்டனஸ்) ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவே தொற்றாது. ஆனாலும் அந்த அறையில் திரை இழுத்து இருட்டாக வைத்திருப்பார்கள். எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்த சத்தத்துக்கே நோயாளியின் உடம்பு வில்லாக வளைந்து இறுகிவிடும். கதவை அறைந்து சாத்தினாலும் அப்படித்தான். அங்கே உங்கள் வேலை சத்தம் போடாமல் இருப்பது. போனை வைப்ரேட்டில்கூட வைக்காதீர்கள், அணைத்துவிடுங்கள். பேசுவதென்றால் வராந்தாவுக்கு வாருங்கள்.

அம்மை வார்டு

இங்கே மருத்துவத்தோடு சாமியும் இருக்கும். வேப்பிலை வைப்பதில் தப்பில்லை, பாடுவதில் தப்பில்லை. மூன்று விஷயங்களில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். ஒன்று, "ஆத்தா வந்திருக்கா, மருந்து கொடுக்கக் கூடாது" என்பது. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கலாம். தடிப்பு தோன்றிய முதல் 24 மணி நேரத்தில் மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன். இரண்டு, உடைந்த கொப்புளத்தில் மஞ்சளை அரைத்துப் பூசுவது. அதில் சீழ் பிடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் சொறிந்து புண்ணாக்குவது பாதி குறையும். மூன்று, குழந்தைக்குக் காய்ச்சலென்று வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுப்பது. அம்மைக் காய்ச்சலில் குழந்தைகளுக்கு அது ஆபத்து. பாரசிட்டமால்கூடக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை சின்னம்மை பரவும். வீட்டில் இருப்பவர்களுக்கு வருவதானால் 10 முதல் 21 நாளுக்குள் வரும். அதனால் தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாளே ஊரைக் கூட்டிக் கூழ் ஊற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். தட்டம்மைக் குழந்தைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுப்பார்கள். கண்ணைக் காப்பது அது, துப்பவிடாதீர்கள்.

காசநோய் என்றால்

"சானடோரியத்துல போட்டா வருஷக்கணக்குல" என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதை உடைத்ததும் நம் சென்னைதான். சேத்துப்பட்டில் நடந்த ஆய்வில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது: நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது, வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. அதன்பிறகுதான் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடும் முறை உலகமெங்கும் பரவியது. ஆகவே இன்று வார்டில் சேர்ப்பது, மூச்சுத்திணறல், ரத்தமாக இருமுவது, மிகவும் இளைத்து எழுந்து நிற்கவே முடியாத நிலை, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி போன்றவற்றுக்குத்தான்.

சளி எடுத்துத் தரச் சொல்வார்கள். காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக உள்ளிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். வார்டுக்குள் எடுக்காதீர்கள், வெயில் படும் திறந்த இடத்தில் எடுங்கள்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. அது ரிபாம்பிசின் மாத்திரையின் நிறம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியவை வேறு: கண் மஞ்சளாவது, தொடர் வாந்தி, பார்வை மங்குவது, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே சொல்லுங்கள்.

நிக்‌ஷய் என்ற அரசுப் பதிவில் நோயாளியின் பெயர் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். சிகிச்சை நடக்கும் காலத்துக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. பாஸ்புக் நகலை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் இல்லையென்று பரிசோதித்தபிறகு தடுப்பு மாத்திரை தருவார்கள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்று மறுக்க வேண்டாம்.

குப்பை, துணி, பிளீச்சிங்

வார்டில் நாலு நிற வாளிகள் இருக்கும். நீங்கள் தொட வேண்டியது மஞ்சள் மட்டும்: மாஸ்க், சளி துடைத்த பஞ்சு, அழுக்கான கட்டு எல்லாம் அதில். ஊசியைக் கண்டால் எடுக்காதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டு இலையை மஞ்சள் வாளியில் போடாதீர்கள்.

நோயாளியின் துணியை உதறாமல் அப்படியே சுருட்டி பாலித்தீன் பையில் கட்டுங்கள். காலராத் துணியைக் குழாயடியில் அலசவே கூடாது. கொதிக்கும் நீரிலோ பிளீச்சிங் தண்ணீரிலோ ஊறவைத்தபிறகுதான். மலம், வாந்தி சிந்திய தரைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அப்புறம் கழுவுங்கள். பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்காதீர்கள்; எழும் புகை நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

ராத்திரியில் சிஸ்டரை எழுப்பலாமா?

எழுப்பலாம். மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தால், உதடு நீலமானால், கூப்பிட்டால் பதில் குழறினால், வலிப்பு வந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றால், ட்ரிப்ஸ் போட்ட கை வீங்கினால். "தூங்கறாரு, தொந்தரவு பண்ண வேணாம்" என்று விட்டது தூக்கமாக இல்லாமல் மயக்கமாக இருந்ததை வார்டுகளில் பார்த்திருக்கிறேன். அசந்து தூங்குபவரைப்போல் இருந்தால் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். எழுந்து திட்டினால் நல்லது.

வீட்டுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், கொடுத்த மருந்துகள், திரும்ப வர வேண்டிய தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று வாசலைத் தாண்டுமுன் பாருங்கள். பள்ளிக்கோ வேலைக்கோ எந்தத் தேதியிலிருந்து போகலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதைப் பள்ளியில் ஏற்க மாட்டார்கள். ஏற்கிற பள்ளியிலும் மற்ற பெற்றோர் விடமாட்டார்கள். தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் ஒரு கேள்வி கூடுதல்: "இவருக்குத் தடுப்பூசி எப்போ போடணும்?" இந்த நோய்கள் வந்துபோனதால் மட்டும் நிலையான எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. ஊசி போட்டே ஆக வேண்டும்.

வீட்டுக்குப் போனபின் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்யலாம். மூச்சுத்திணறல் போல அவசரமாக இருந்தால் 108. ஆம்புலன்ஸில் ஏறும்போதே என்ன நோய்க்கு எந்த வார்டில் இருந்தார் என்று சொல்லி, அந்த சம்மரியைக் கையில் கொடுங்கள்.